வளைவில் வளையாத கார்

கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்துவிட்டால் பள்ளிப்பட்டுப் பக்கம் கொசஸ்தலை ஆற்றின் தரைப்பாலங்கள் மூழ்கிவிடும். வெள்ளம் வடிந்த பிறகு, ஓரம் அரித்துப்போன தரைப்பாலத்தில் கரும்பு லோடு ஏற்றிய லாரி இறங்கி ஏறுவதைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். இடது முன்சக்கரம் ஒரு பள்ளத்திலும் வலது பின்சக்கரம் இன்னொரு பள்ளத்திலும் இறங்கும்போது கேபின் இடப்பக்கம் சாயும். லோடு வலப்பக்கம் சாயும். ஒரே வண்டியின் முன்பாதியும் பின்பாதியும் எதிரெதிராகத் திருகிக்கொண்டு நிற்கும். பார்ப்பவருக்குத்தான் பகீரென்கிறது. ஓட்டுநர் முதல் கியரில் நிதானமாக ஏற்றித் திருவாலங்காட்டுச் சர்க்கரை ஆலைப் பக்கம் போய்க்கொண்டே இருப்பார்.

அந்த லாரியின் அடியில் இருப்பது ஏணி வடிவச் சேஸிஸ். நீளவாக்கில் இரண்டு எஃகுச் சட்டங்கள், நடுவே படிகள் போலக் குறுக்குச் சட்டங்கள். நீளச் சட்டம் முழுக் குழாயாக இருக்காது. ஒரு பக்கம் திறந்த தகரத் தொட்டி போல மூன்று பக்கச் சுவரோடு இருக்கும். பல டன் பாரம் மேலிருந்து அழுத்தினால் தாங்கும். முறுக்கினால் இளகிக் கொடுக்கும். வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்கள். சேஸிஸ் விறைப்பாக இருந்தால் மேடுபள்ளத்தில் ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும், மற்ற மூன்றும் அதன் பாரத்தையும் சுமக்கும், எங்காவது விரிசல் விடும். நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் லாரி பாடி கட்டும் பட்டறைக்காரர்களுக்கு இது கைப்பாடம். பாடியைச் சேஸிஸோடு சேர்த்து வெல்டு வைக்கமாட்டார்கள். யூ-போல்ட் போட்டு இறுக்குவார்கள். அடியில் இருப்பது அசைய வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஸ்போர்ட்ஸ் காருக்கு வேண்டியது இதற்கு நேர் எதிரானது. அதிலும் எஞ்சின் நடுவில் இருக்கும் காரை வைத்திருப்பவர்கள் வாங்கிய கொஞ்ச நாளிலேயே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: கூடுதலாகக் குறுக்குக் கம்பி போட்டு இறுக்கினால் கார் வளைவில் இன்னும் நன்றாகத் திரும்புமா? கடைக்காரர் ஆமாம் என்பார். கணக்கு என்ன சொல்கிறது என்பதுதான் இந்த அத்தியாயம்.

நடு எஞ்சின் என்றால் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையில் எஞ்சின் இருக்கிறது என்று பொருள். ஸ்போர்ட்ஸ் காரில் அது ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால் இருக்கும். கனமான பொருள் காரின் நடுவே குவிந்திருப்பதால் திருப்புவதற்கும் திரும்பியதை நிறுத்துவதற்கும் குறைந்த விசை போதும். 1959-ல் ஜாக் பிரபாம் கூப்பர் காரில் ஃபார்முலா 1 பட்டம் வென்றார். அதுவே எஞ்சினைப் பின்னால் வைத்த கார் வென்ற முதல் பட்டம். சில ஆண்டுகளில் முன்னெஞ்சின் பந்தயக் கார்கள் அங்கே காணாமல் போயின.

தமிழ்நாட்டுக்கும் இது அந்நியமானதல்ல. கோயம்புத்தூரில் எஸ். கரிவரதன் 1980களின் பிற்பகுதியில் கட்டிய ஃபார்முலா மாருதி பந்தயக் காரில் மாருதி 800-இன் குட்டி எஞ்சின் ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது. 2005-ல் ஃபார்முலா 1-க்குப் போன நரேன் கார்த்திகேயன் தொடக்கத்தில் ஓட்டியது அந்த வகைக் காரைத்தான். பின்னர் வந்த எல்.ஜி.பி. ஃபார்முலா 4 கார்களும் இதே அமைப்பு. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்திலும் கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் அவை ஓடுவதைப் பார்க்கலாம். (முன் இருக்கைக்கு அடியில் எஞ்சினை வைத்திருந்த மாருதி ஆம்னியும் இலக்கணப்படி நடு எஞ்சின் வண்டிதான். பள்ளிக்கூடப் பிள்ளைகளைத் திணித்துக்கொண்டு போன அந்த வேனை யாரும் ஸ்போர்ட்ஸ் கார் என்று சொன்னதில்லை.)

இப்போது ஒரு சோதனை. ஹார்டுவேர் கடையில் 32 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாயில் ஓரடி நீளத்துக்கு இரண்டு துண்டு வாங்குங்கள். ஒன்றை அப்படியே வையுங்கள். மற்றதை ஆக்ஸா பிளேடால் நீளவாக்கில் ஒரே ஒரு கோடாக, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கீறிவிடுங்கள். இரண்டையும் இரு கையாலும் பிடித்து ஈரத்துணி பிழிவது போல முறுக்கிப் பாருங்கள். முழுக்குழாய் அசைந்து கொடுக்காது. கீறிய குழாய், வெட்டு விளிம்புகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்க, சட்டென்று திருகிக்கொள்ளும். குழாயின் சுவர் 2 மில்லிமீட்டர் என்றால், கீறிய குழாயின் முறுக்கு விறைப்பு முழுக்குழாயில் சுமார் 170-ல் ஒரு பங்கு. நீக்கிய பிளாஸ்டிக் ஒரு சிட்டிகைதான். விறைப்பைக் கொடுத்தது பிளாஸ்டிக்கின் அளவல்ல, வட்டம் மூடியிருந்தது.

கார் சேஸிஸின் பெரும்பாலான சங்கதி இந்தக் குழாயில் அடங்கிவிட்டது. கூரை இருக்கும் கார் மூடிய குழாய். கூரையை வெட்டி எடுத்த கார் கீறிய குழாய்க்கு நெருங்கியது. போர்ஷே நிறுவனத்தின் பாக்ஸ்டர் கூரை திறக்கும் நடு எஞ்சின் கார். அதன் மேலேயே நிலையான கூரை வைத்து 2005-ல் கேமன் வந்தபோது முறுக்கு விறைப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று அந்நிறுவனம் அறிவித்தது. கூரை இல்லாமல் சமாளிக்க வேண்டுமானால் மூடிய குழாயை வேறெங்காவது வைக்க வேண்டும். 1996-ல் வந்த லோட்டஸ் எலிஸ் கதவுக்குக் கீழே இரு பக்கமும் தடித்த, உயரமான அலுமினியப் பெட்டிகளை வைத்தது. அவற்றைத் தாண்டிக் காலை உள்ளே வைப்பதற்குள் வேட்டி கட்டியவர் படாதபாடு படுவார். ஆனால் 68 கிலோ மட்டுமே எடையுள்ள அந்தச் சேஸிஸ் டிகிரிக்குச் சுமார் 10,000 நியூட்டன் மீட்டர் விறைப்பைத் தந்தது.

அந்த எண்ணுக்கு என்ன பொருள்? சேஸிஸின் முன்பக்கத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, பின்பக்கத்தில் ஒரு மீட்டர் நீளக் கையைப் பொருத்தி அதன் நுனியில் 100 கிலோ தொங்கவிட்டால் சுமார் 980 நியூட்டன் மீட்டர் முறுக்கு. எலிஸ் சேஸிஸ் அதற்கு ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு திருகும். ஒரு மீட்டர் அகலத்தில் அளந்தால் ஒரு விளிம்புக்கும் மறு விளிம்புக்கும் 1.7 மில்லிமீட்டர் வித்தியாசம். டயல் கேஜ் இல்லாமல் கண்ணுக்குத் தெரியாது.

இந்த விறைப்பு காரைத் திருப்புவதில் எங்கே வந்து சேர்கிறது? திருத்தணி மலைப்பாதையின் வளைவு ஒன்றில் கார் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். கார் வெளிப்பக்கம் சாய்கிறது. உள்பக்கச் சக்கரங்களின் பாரம் வெளிப்பக்கச் சக்கரங்களுக்குப் போகிறது. அந்தப் பாரத்தில் முன் அச்சு எவ்வளவு ஏற்கிறது, பின் அச்சு எவ்வளவு ஏற்கிறது என்பதுதான் காரின் குணத்தைத் தீர்மானிக்கிறது. டயர் ஒரு விசித்திரமான பொருள். பாரம் இரண்டு மடங்கானால் பிடிமானம் இரண்டு மடங்காவதில்லை, சற்றுக் குறைவாகவே ஏறுகிறது. ஆகவே எந்த அச்சில் பாரம் அதிகமாக ஒரு பக்கம் குவிகிறதோ அந்த அச்சு முதலில் வழுக்கும். முன் அச்சு வழுக்கினால் ஸ்டீயரிங்கைத் திருப்பியும் கார் நேரே போகும். பின் அச்சு வழுக்கினால் வால் வீசும். ஸ்பிரிங்கையும், காரின் சாய்வைக் குறைக்கும் ஆன்டி ரோல் பாரையும் மாற்றிப் பொறியாளர்கள் இந்தப் பங்கீட்டை விரும்பியபடி வைக்கிறார்கள். சேஸிஸ் முறுக்கிக்கொண்டால் முன்பக்கம் வைத்த ஸ்பிரிங்கின் சேதி பின்பக்கத்துக்கு முழுதாகப் போய்ச் சேராது.

முழுதாக என்றால் எவ்வளவு? ஒரு சாதாரண கணக்கு போடலாம். முன் அச்சின் சாய்வு எதிர்ப்பு டிகிரிக்கு 400 நியூட்டன் மீட்டர், பின் அச்சுக்கும் 400. நடு எஞ்சின் கார் என்பதால் சாய்க்கும் விசையில் 40 சதவீதம் முன்பாதியிலும் 60 சதவீதம் பின்பாதியிலும் பிறக்கிறது. இப்போது முன் ஆன்டி ரோல் பாரைத் தடியாக்கி 400-ஐ 600 ஆக்குகிறோம். சேஸிஸ் கொஞ்சமும் முறுக்காது என்றால் முன் அச்சின் பங்கு 50-லிருந்து 60 சதவீதத்துக்கு, அதாவது 10 புள்ளி ஏறும். சேஸிஸின் விறைப்பு வெறும் 500 என்றால் அது 6.4 புள்ளிதான் ஏறும். 2,000 என்றால் 8.8 புள்ளி. எலிஸ் போல 10,000 என்றால் 9.7. அதையும் இரட்டித்து 20,000 ஆக்கினால்? 9.9.

கடைசி இரண்டு எண்களை இன்னொரு முறை பாருங்கள். விறைப்பை இரட்டித்ததற்குக் கிடைத்த கூலி 0.2 புள்ளிக்கும் குறைவு. மெல்லிய சேஸிஸுக்கு முதல் கம்பி செய்யும் வேலை பெரிது. ஏற்கெனவே விறைத்த சேஸிஸுக்குப் பத்தாவது கம்பி கட்டுவது வீண். லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் டீக்கினும் உடன் ஆய்வாளர்களும் மாணவர் பந்தயக் கார்களை வைத்து 2000-ல் வெளியிட்ட கட்டுரையும் இந்தத் திசையில்தான் போகிறது. சஸ்பென்ஷனின் மொத்தச் சாய்வு எதிர்ப்பு 500 முதல் 1,500 வரை உள்ள கார்களுக்குச் சேஸிஸ் விறைப்பு 300 முதல் 1,000 வரை இருந்தால் திருப்புத்திறனைத் திருத்தி அமைக்கலாம் என்றார்கள். ஃபார்முலா பாரத் போட்டிக்குக் காரைக் கட்டும் நம் பொறியியல் மாணவர்கள் பலர் இதைவிட மிகப் பெரிய எண்ணைத் துரத்திக் குழாய்மேல் குழாய் வெல்டு வைத்து எடையைக் கூட்டிக்கொள்கிறார்கள் என்பது என் வருத்தம்.

இங்கே ஒரு கண்டிப்பான நிபந்தனை உண்டு. ஸ்பிரிங்குகள் பத்து மடங்கு கடினமானால் அதே 10,000 விறைப்புச் சேஸிஸில் 9.7 என்பது 7.8 ஆக இறங்கிவிடும். காற்றின் கீழழுத்தத்தைச் சுமக்கும் பந்தயக் கார்களுக்கு அவ்வளவு கடினமான ஸ்பிரிங் வேண்டும்; ஆகவே அவற்றுக்கு மிக விறைப்பான சேஸிஸும் வேண்டும். 1962-ல் காலின் சாப்மன் குழாய்ச் சட்டகத்தைக் கைவிட்டு, தகட்டாலான தொட்டி போன்ற லோட்டஸ் 25-ஐக் கொண்டுவந்தார். அதற்கு முந்தைய லோட்டஸ் 24-ஐவிட அது மூன்று மடங்கு விறைப்பு, சேஸிஸ் எடையோ பாதி. 1981-ல் மெக்லாரனில் ஜான் பர்னார்ட் அதையே கார்பன் ஃபைபரில் செய்தார். கம்பி கட்டுவதா என்று கேட்குமுன் எந்த ஸ்பிரிங், எந்த டயர் என்று கேட்க வேண்டும் என்பது இதிலிருந்து வருகிறது.

நடு எஞ்சின் காருக்கே உரிய ஒரு விஷயம் அதே கணக்கில் ஒளிந்திருக்கிறது. முன்னும் பின்னும் 400 என்று சமமாக இருக்கும்போது விறைப்பான சேஸிஸில் முன் அச்சு 50 சதவீதம் ஏற்கும். சேஸிஸ் விறைப்பு 500 ஆக இருந்தால் முன் அச்சு 47 சதவீதம்தான் ஏற்கும். மீதி பின் அச்சின் தலையில். எஞ்சினின் பாரம் பின்பாதியில் இருப்பதால் அந்தச் சாய்வு விசையை முன்பக்கத்துக்குக் கடத்திவிடும் வேலை சேஸிஸுடையது. அது தளர்ந்தால் பின் வெளிப்பக்க டயர் கூடுதலாகச் சுமக்கிறது, வால் வீசும் போக்கு கூடுகிறது. முன்னெஞ்சின் காரில் தளர்ந்த சேஸிஸ் இதற்கு எதிராக முன் டயரைச் சோர்வடையச் செய்யும். வேகத்தைக் குறைத்தால் சரியாகிவிடும். நடு எஞ்சின் கார் வாலை வீசினால் மீட்பது சிரமம்.

அப்படியானால் கம்பியை எங்கே கட்டுவது? இரும்புக் கேட் செய்யும் வெல்டிங் பட்டறையில் இதற்கு விடை நிற்கிறது. நாலு சட்டத்தை நீள்சதுரமாக வைத்து வெல்டு செய்தால் கொஞ்ச நாளில் கேட் ஒரு மூலையில் தொங்கிவிடும் என்று பட்டறைக்காரருக்குத் தெரியும்; அதனால் மூலைக்கு மூலை ஒரு பட்டையை இழுத்துவிடுவார். முக்கோணத்தின் பக்க நீளம் மாறாமல் அதன் வடிவத்தை மாற்ற முடியாது. அவ்வளவுதான் சூத்திரம். பந்தயக் காரின் குழாய்ச் சட்டகம் முழுக்க இந்த முக்கோணங்களால் ஆனது.

நடு எஞ்சின் காரில் பெரிய ஓட்டை இருக்கைக்குப் பின்னால். எஞ்சினை வைக்க, எடுக்க, காற்றுப் போக மேலும் கீழும் திறந்த பெட்டி அது. அதன் முன்சுவராக, இருக்கைகளுக்குப் பின்னே, அகலமான தகடு நிற்கிறது. பின் ஷாக் அப்சார்பரின் மேல்முனை பொருந்தும் இரு கோபுரங்களையும் அந்தத் தகட்டோடு சாய்வாக இணைத்தால் முக்கோணம் கிடைக்கிறது. கூரையில்லாத காரில் தரைக்கு அடியில் இரு பக்கப் பெட்டிகளையும் பெருக்கல் குறி போல இணைக்கும் கம்பிகளும் உருப்படியாக வேலை செய்கின்றன. நான் ஒப்புக்கொள்ளும் கம்பிகள் இவை இரண்டும்தான்.

கடையில் அதிகம் விற்பதோ முன் கோபுரங்கள் இரண்டையும் நேராக இணைக்கும் பளபளப்பான ஒற்றைக் கம்பி. வளைவில் திரும்பும்போது சாலை இரு முன் டயர்களையும் ஒரே திசையில்தான் தள்ளுகிறது. வெளி டயரைக் கூடுதலாக, உள் டயரைக் குறைவாக. கோபுரங்கள் இரண்டும் ஒரே பக்கம் நகர முயலும்போது அவற்றின் இடைவெளி மாறாது. இடைவெளி மாறாவிட்டால் நடுவில் உள்ள கம்பிக்கு வேலையில்லை. இரண்டு விசைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே அது தாங்கும். முன்னால் எஞ்சினும் இல்லாத, ஸ்டெப்னியும் ஒரு சூட்கேஸும் மட்டுமே உள்ள காரில் அது பெரும்பாலும் பானெட்டைத் திறந்து காட்டுவதற்கான கம்பி. அதிலும் நடுவில் வளைத்துச் செய்தது இன்னும் மோசம். நேர்க் கம்பி அமுக்கத்தைத் தாங்கும், வளைந்த கம்பி ஸ்பிரிங் போலத் தழையும். இரு முனையிலும் ஆணி போட்ட கீல் இருந்தால் துளையின் தளர்ச்சியே கம்பியின் உழைப்பைத் தின்றுவிடும்.

'இது ஹை டென்சைல் ஸ்டீல்' என்ற விளம்பரத்துக்கும் மயங்க வேண்டாம். அந்த எஃகு முறிய அதிக விசை வேண்டும், உண்மை. ஆனால் நீட்டவும் அமுக்கவும் ஆகும் விசை சாதாரண எஃகுக்கும் அதற்கும் ஒன்றுதான். இரண்டின் மீட்சிக் குணகமும் சுமார் 200 கிகா பாஸ்கல். அலுமினியத்துக்கு அது 70. ஒரே அளவில் செய்த அலுமினியக் கம்பி எஃகுக் கம்பியின் மூன்றில் ஒரு பங்கு விறைப்பைத்தான் தரும், எந்தச் சாயம் பூசினாலும்.

கணக்கு இப்படியிருக்க, கம்பி கட்டியவர்கள் எல்லோரும் வித்தியாசம் தெரிகிறது என்கிறார்களே? பலருக்கு உண்மையாகவே தெரிகிறது, அது பிடிமானத்தில் வந்த வித்தியாசமல்ல. டயரும் அச்சும் சேர்ந்து நொடிக்குச் சுமார் 10 முதல் 15 முறை துள்ளும். கூரையில்லாத காரின் உடல் முறுக்கி அதிரும் வேகமும் ஏறக்குறைய அதன் பக்கத்தில் வரும்போது ஒன்று மற்றொன்றைத் தூண்டிவிடும். கண்ணாடி நடுங்கும், டாஷ்போர்டு முனகும், ஸ்டீயரிங் கையில் உதறும். கம்பி அந்த அதிர்வின் வேகத்தைக் கொஞ்சம் உயர்த்தித் துள்ளலிலிருந்து விலக்கிவிடுகிறது. கார் இறுகிவிட்டது போலத் தோன்றும். ஓட்டுபவரின் தைரியம் கூடும். ஸ்டாப்வாட்ச்சில் அது தெரிய வேண்டிய அவசியமில்லை. யமஹா இதையே வேறு வழியில் பிடித்தது: விறைப்பான கம்பிக்குப் பதில் உள்ளே எண்ணெய் வைத்த அதிர்வடக்கி ஒன்றைக் காரின் உடலில் குறுக்கே பொருத்துகிறார்கள். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த அசைவை அது உறிஞ்சிவிடுகிறது.

விறைப்பு எப்போதும் நல்லது என்ற நம்பிக்கைக்குப் பந்தய உலகிலேயே மறுப்பு உண்டு. கோ-கார்ட் வண்டிக்கு ஸ்பிரிங்கே கிடையாது. அதன் குழாய்ச் சட்டகம் முறுக்கி உள் பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கினால்தான் வண்டியே திரும்பும். டுகாட்டி 2009-ல் மோட்டோ ஜிபி பைக்குக்குக் கார்பன் ஃபைபர் சட்டகம் கொண்டுவந்தது. 2011-ல் சேர்ந்த வாலன்டினோ ரோஸிக்கு முன்சக்கரம் என்ன செய்கிறது என்பது கையில் தெரியவேயில்லை. 2012-ல் அந்நிறுவனம் அலுமினியச் சட்டகத்துக்கு மாறியது. பைக் படுத்துத் திரும்பும்போது சஸ்பென்ஷன் சரியான திசையில் வேலை செய்யாது. சட்டகம் பக்கவாட்டில் கொஞ்சம் நெளிந்தால்தான் சாலையின் சிறு மேடுகளை டயர் விடாமல் தொடும்.

பள்ளிப்பட்டிலிருந்து நகரி, புத்தூர்ப் பக்கமோ பொதட்டூர்பேட்டைப் பக்கமோ போகும் சாலையில் ஒரு நடு எஞ்சின் காரை ஓட்டுபவருக்கு என் யோசனை இது. பழைய கார் என்றால் முதலில் சஸ்பென்ஷன் புஷ்களைப் பாருங்கள். வெடித்துப்போன ஒரு ரப்பர் புஷ் விடும் அசைவு பல மில்லிமீட்டர். சேஸிஸின் முறுக்கம் அதற்குப் பக்கத்தில் நிற்காது. அடுத்து டயர், அதற்கடுத்து வீல் அலைன்மென்ட். இவை சரியான பிறகு, கூரையில்லாத காரை ஒரு பின் மூலையில் ஜாக்கி வைத்துத் தூக்கிக் கதவின் இடைவெளியை ஸ்கேலால் அளந்து பாருங்கள். இடைவெளி மாறினால், கதவு அடைக்க முரண்டு பிடித்தால், தரையடிக் கம்பிக்குச் செலவழிப்பது நியாயம். கூரையுள்ள கார், கம்பெனி ஸ்பிரிங், சாதாரண டயர் என்றால் அந்தப் பணத்தில் நல்ல டயர் வாங்குங்கள்.

எந்தக் கம்பியை வாங்கப் போனாலும் விற்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: பொருத்துவதற்கு முன் டிகிரிக்கு எத்தனை நியூட்டன் மீட்டர், பொருத்திய பின் எத்தனை? இரண்டு எண்ணையும் சொல்ல முடியாதவரிடம் வாங்காதீர்கள்.